போர்ட்டிகோவில் நின்ற ஏழு சீட் கார்

போன ஞாயிறு பூசை முடிந்து, லம்பா லைன் பகுதியில் நண்பர் சேவியர் வீட்டுக்குப் போனேன். போர்ட்டிகோவில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள். சுற்றிலும் சாக்பீஸ் கோடு. ஜெபக் கூட்டமா? இல்லை... அது கார்.

சேவியர் தூத்துக்குடிக்காரர். மீன் வியாபாரத்தில் நன்றாக வந்தவர். மூன்று வரிசை எலெக்ட்ரிக் சொகுசு கார் வாங்கப் போகிறார். வெள்ளையா, கறுப்பா? இரண்டு கம்பெனி, இரண்டு வண்டி. எங்கள் தீவில் ஷோரூம் கிடையாது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் பிரோஷரில் இருக்கும் அளவைத் தரையில் வரைந்து உட்கார்ந்து பார்க்கிறார்!

"பின்னால உட்காரும்வே. நீர்தான் எல்லா வண்டியிலயும் போனவராச்சே."

போனது உண்மைதான். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். லாரியில் சிமெண்ட் மூட்டை மேல் படுத்து எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். முதுகு சாய இடம் கிடைத்தாலே எனக்குச் சொகுசு. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

வெள்ளையில் முழங்கால் தாடையை இடித்தது. கோட்டை அழித்துக் கறுப்பை வரைந்தார்; அதில் நடு வரிசை இரண்டு தனித்தனி சீட். இடையில் நுழைந்து பின்னால் போகலாம், காலும் நீட்டலாம். ஆனால் டிக்கியில் ஒரு பெட்டிக்குக்கூட இடமில்லை.

ஒரே சார்ஜில் எவ்வளவு தூரம்? இரண்டுமே ஏகத்துக்குச் சொல்கின்றன. சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரிக்கு வரிசையில் நிற்க எதற்குச் சார்ஜ்?

சேவியருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. போன முறை இரண்டு மகன்களும் குடும்பத்தோடு வந்தபோது, பழைய காரில் இடம் போதவில்லை. சின்னவனும் மருமகளும் மழையில் நனைந்து ஆட்டோவில் வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. காரில் இடம் இல்லாததுதான் காரணம் — இது அவர் கண்டுபிடிப்பு.

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்ன? மாடி எடுக்கிறோம், பெரிய டைனிங் டேபிள் வாங்குகிறோம்... இடம் போட்டு வைத்தால் ஆள் வந்துவிடுமா?

அந்த நேரம் பார்த்து, பெரியவன் சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தான். இவர் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இது உனக்கு, இது தம்பிக்கு, ஜன்னலோரம் பாப்பாவுக்கு... அவன் பொறுமையாகத்தான் பார்த்தான்.

"எதுக்குப்பா ஏழு சீட்டு? அங்க நீங்களும் அம்மாவும்தானே?"

கிறிஸ்துமஸுக்கு வருவாயா என்று இவர் கேட்கவில்லை. கரண்ட் போயிட்டுப்பா, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி பிலோமினா வெளியே வந்து, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். பின்வரிசையை மட்டும் விட்டுவை என்றார் சேவியர்.

"அதுல யாரு உட்காரப் போறா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "சலோ, எந்திரிங்க அண்ணே. மழை வருது."

எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன்.

நேற்று சேவியர் போன் செய்தார். கறுப்பையே புக் செய்துவிட்டாராம். அதே ஏழு சீட். டிக்கி சின்னதாயிற்றே என்றேன்.

"அது பரவால்லவே. பின்வரிசைய மடிச்சுட்டா நிறைய இடம் கெடக்கும்."