லாரி வராத வழியில் சூசை

நோய்க்குப் பயந்து ஊரே மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கோயில் சாத்தி, சர்ச் சாத்தி, காசிமேட்டில் மீன் ஏலம் நின்று, துறைமுக வாசலில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளும் காணாமல் போன வருஷம் அது. நானும் சூசையும் காதர் பாயும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சவாரியை ஆரம்பித்தது அந்த வருஷம்தான். அதற்கப்புறம் ஒரு புயல் மழையில் எண்ணூர் ஆற்றில் எண்ணெய் மிதந்து வலையெல்லாம் கறுத்துப்போனது. அடுத்த வருஷம் காதர் பாய் இறந்துபோனார். இந்த வருஷம், தவக்காலம் தொடங்கிய மறுவாரம், திங்கட்கிழமை காலை சூசையின் மனைவி பிலோமினாவிடமிருந்து போன் வந்தது. "ஏழுமல அண்ணே, காப்பி ஆறிப்போச்சு. எழுப்பிப் பாத்தேன், எழுந்திரிக்கல" என்றாள்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். துறைமுகத்தில் சூசையோடு வேலை பார்த்தவர்களும் ராயபுரத்தில் அவரைத் தெரிந்தவர்களும் இதைப் படிக்கவேண்டும். ஒரு விஷயத்தில் நாம் எல்லோரும் அவரைத் தப்பாகத்தான் நினைத்திருந்தோம். மற்றவர்களைவிட அதிகமாகத் தப்பு செய்தவன் நான்.

துறைமுகத்தில் சூசை சிக்னல்காரர். கப்பலின் அடிக்கிடங்கில் நாங்கள் மூட்டை கட்டுவோம். மேலே கிரேனில் இருக்கிற காதர் பாய்க்கு நாங்கள் தெரியமாட்டோம். கிடங்கின் வாய் ஓரத்தில் நிற்கிற சூசையின் கைதான் அவருக்குக் கண். கட்டைவிரல் மேலே போனால் தூக்கு, உள்ளங்கை கவிழ்ந்தால் இறக்கு, முஷ்டி மூடினால் நிறுத்து. ஒரு நாள் உர மூட்டைகள் என் தலைக்கு மேலே வரும்போது கயிற்றின் ஒரு புரி பிரிந்ததை அவர் பார்த்துவிட்டார். கத்தவில்லை. இரும்புச் சத்தத்தில் கத்தி என்ன பயன்? முஷ்டியை மூடினார். மூட்டைகள் அந்தரத்தில் நின்றன. நான் ஊர்ந்து வெளியே வந்ததும் "டீ சாப்டியா மாமு?" என்று கையாலேயே கேட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் எல்லோருமே கையால் பேசிப் பழகியவர்கள். டீக்கடையிலும் கைதான், கல்யாண வீட்டிலும் கைதான். வாயால் பேசினாலோ தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவோம்.

நோய் வந்த வருஷம் சூசை ஒரு காலையில் என் வாசலில் சைக்கிளோடு வந்து நின்றார். "ரோட்டுல லாரியே இல்ல மாமு. மொத்த ரோடும் நம்மளுது, வா." நாங்கள் வேலையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. காதர் பாயையும் எழுப்பிக்கொண்டு எண்ணூர் பக்கம் விட்டோம். எத்தனையோ வருஷம் அந்த ரோட்டில் போனவன் நான். வலது பக்கம் இவ்வளவு நீளத்துக்குக் கடல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரைக்கும் பார்த்ததெல்லாம் லாரிச் சக்கரங்களைத்தான்.

திருவொற்றியூர் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"எங்க பெருசு, மூணு பேரும் ஊர்வலமா?"

"பால் வாங்க சார்" என்றார் காதர் பாய்.

"ராயபுரத்துல மாடு இல்லியா? எண்ணூருக்கா வந்து கறப்பீங்க?"

சூசை போலீஸ்காரருடைய முகத்துணியையே பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். பயந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். அந்த நாட்களில் எங்கள் துணியைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவார். "மூஞ்சியக் காட்டி பேசு மாமு. துணிகிட்ட இன்னாத்த பேசறது?" என்பார். நோய்க்குப் பயப்படாத மனுஷன், போலீசுக்குப் பயப்படுகிறாரே என்று சிரித்தோம்.

லாரிகள் திரும்ப வந்ததும் நான் பழையபடி பெரிய ரோட்டிலேயே போகலாம் என்றேன். சூசை கேட்கவில்லை. இரண்டு வாரம் நடந்து அலைந்து ஒரு வழி கண்டுபிடித்தார். தண்டையார்பேட்டை சந்துகளுக்குள் புகுந்து, திருவொற்றியூர் கோயில் தெருவைச் சுற்றி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்கவேண்டும். கடந்துவிட்டால் அப்புறம் குப்பங்கள்தான். ஒரு பக்கம் வீடுகள், இன்னொரு பக்கம் கடலைத் தடுக்கப் போட்ட கருங்கல். நடுவில் இரண்டு சைக்கிள் போகிற அகலம். வலை காய்கிற இடத்தில் இறங்கித் தள்ளவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சக்கரம் ஏறி ஒரு கண்ணி அறுந்தால் ஒருத்தன் அதைத் தைத்துக்கொண்டு உட்காரவேண்டும் அல்லவா? "அவசரமா இருந்தா பஸ்ஸுல போ. கடலப் பாக்கணும்னா எறங்கித் தள்ளு" என்பார். கடைசியில் நெட்டுக்குப்பம். ஆறு கடலில் விழுகிற இடத்தில், மின்நிலையப் புகைபோக்கிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவோம். அதுவும் அவர் சட்டம்தான். "பொகையப் பாக்கறதுக்கா இம்மா தூரம் வந்தோம்?"

அந்த ஒரே ஒரு குறுக்கு ரோட்டில்தான் எங்களுக்குள் தகராறு. அங்கே வந்ததும் சூசை இறங்கிவிடுவார். இடது பக்கம் பார்ப்பார், வலது பக்கம் பார்ப்பார், திரும்ப இடது பக்கம் பார்ப்பார். யாராவது முன்னால் போனால்தான் கால் வைப்பார். அவ்வளவு நேரம் வெயிலில் நிற்க எனக்குப் பொறுக்காது. ஒரு ஞாயிறு நெட்டுக்குப்பம் டீக்கடையில் நாலு மீனவர்கள் இருக்கும்போதே சொன்னேன். "இவுரு துறைமுகத்துல பெரிய சிக்னல்காரரு. லாரியப் பாத்தா மட்டும் வேட்டி நனைஞ்சிடும். பயந்தாங்கொள்ளி." எல்லோரும் சிரித்தார்கள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த சூசையும் சிரித்தார். அதிலிருந்து அதுவே அவருக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது.

காதர் பாய் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நாள் கருங்கல் ஓரத்தில் என் முன்சக்கரம் பாசியில் வழுக்கி, கல்லில் முழங்கால் பட்டு விழுந்தேன். எழ முடியவில்லை. "சூசை! சூசை!" என்று கத்தினேன். முன்னால் போனவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பொம்பளை ஓடிவந்து தூக்கினாள். வெகுநேரம் கழித்துத்தான் சூசை என்னைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தார்.

"குப்பம் மொத்தமும் ஓடியாந்துச்சு. உனக்குக் கேக்கலியா?" என்றேன்.

"கேக்கல மாமு" என்றார்.

"போடா, பொய் சொல்லாத. கூட வந்தவன உட்டுட்டுப் போறவன்டா நீ."

வாழ்க்கையில் அவரை நான் வாடா போடா என்றது அன்றைக்கு மட்டும்தான். முழங்கால் ஆறிய பிறகும் நான் சவாரிக்குப் போகவில்லை. ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து எங்கள் தெருமுனையில் வந்து சைக்கிளோடு நிற்பார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். நான் உள்ளே போய்விடுவேன்.

மூன்று மாதம் போயிருக்கும். காசிமேட்டில் மீன் வாங்கப் போனபோது பிலோமினா என்னை நிறுத்தினாள்.

"அவரு மேல இன்னாண்ணே கோவம்?"

"கீழ வுழுந்து கத்தறேன், அவருபாட்டுக்குப் போய்கினே இருக்காரு. வேற இன்னா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். "அவருக்கு ரெண்டு காதும் கேக்காதுண்ணே. துறைமுகத்துல இருக்கச்சொல்லவே கொறைய ஆரம்பிச்சுது. இப்போ சுத்தமா இல்ல."

நான் சிரித்துவிட்டேன். "இன்னாம்மா சொல்ற? என்கூட நல்லாதானே பேசினு இருந்தாரு."

"உங்க வாயப் பாத்து பேசுவாரு. வாய் தெரியலன்னா கையப் பாப்பாரு. நீங்கல்லாம் கையாலயே பேசறவங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மீன் கடைச் சத்தம் எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது எனக்கு. எத்தனை தடவை அடித்தாலும் அவர் போன் எடுக்காதது, துணியை இறக்கச் சொன்னது, அந்த ரோட்டோரத்தில் அவ்வளவு நேரம் பார்த்தது எல்லாம் ஒவ்வொன்றாக மனசில் வந்தது. முதுகுக்குப் பின்னால் லாரி வந்தால் தெரியாத மனுஷன் வேறு எந்த வழியைத் தேடுவார்?

"இப்போ தனியாதான் போறாரு" என்றாள் பிலோமினா. "அந்தக் குறுக்கு ரோடு வரைக்கும் போவாரு. கடக்க முடியாம திரும்பி வந்துடுவாரு. தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காதீங்கண்ணே. அவரு தாங்க மாட்டாரு." காட்டிக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வருவதற்கு முன்பே தெருமுனையில் நின்றேன். குறுக்கு ரோட்டில் நான் முன்னால் போய், சைக்கிளை நடுவில் நிறுத்தி, வருகிற லாரிக்குக் கை காட்டுவேன். அவர் கடப்பார். குப்பத்துக்குள் போனதும் அவருக்குப் பக்கத்திலேயே விடுவேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டுதான் போவேன். பிலோமினாவுக்குக் கொடுத்த வாக்கு வாயைக் கட்டிவிடும். ஒரு நாள் ஆற்றோரம் உட்கார்ந்திருக்கும்போது அவரே கேட்டார். "இன்னா மாமு, இப்பல்லாம் என்னிய பயந்தாங்கொள்ளின்னு சொல்றதே இல்ல?" சொல்லவேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் "வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் எங்களுக்கு ஐந்து ஞாயிறுதான் இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு பிலோமினாவிடம் டீக்கடை விஷயத்தைச் சொல்லி அழுதேன்.

"தெரியும்ணே" என்றாள். "அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"'பயந்தாங்கொள்ளின்னே நெனச்சுக்கட்டும் பிலோமி. செவுடுன்னு தெரிஞ்சா கூட்டிகினு போவ மாட்டானுங்க. வூட்டுலதான் குந்தினு இருக்கணும்'னாரு."

அன்றிரவு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் திரும்ப அவரோடு போனது செய்த தப்பு உறுத்தியதால். தப்பு எதுவும் செய்யாமல் சும்மா ஒரு நாள் தெரியவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "வம்பு வேணாம் சூசை, வூட்டுல இரு" என்றுதான் சொல்லியிருப்பேன். அக்கறையாகவே சொல்லியிருப்பேன். எங்களை அவர் சரியாகத்தான் எடை போட்டிருந்தார்.

அவரிடம் கேட்காத மன்னிப்பு என்னிடமே இருக்கிறது. அந்த வழியும் இருக்கிறது. அதை யாரும் காகிதத்தில் எழுதி வைக்கவில்லை. எந்தச் சந்தில் திரும்பவேண்டும், எந்தக் கல்லில் பாசி, எந்த வீட்டு வாசலில் வலை காயும் என்பதெல்லாம் மூன்று பேருக்குத்தான் தெரியும். கிரேன் ஓட்டிய காதர் பாய் இல்லை. சிக்னல் காட்டிய சூசை இல்லை. கிடங்கில் மூட்டை கட்டிய ஏழுமலை இருக்கிறான்.