நாற்பது தாராளம் என்று சொன்னவள்

கண் மருத்துவமனையில் அவளுக்கு ‘சர்வர் அக்கா’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமியார் உறவுக்காரர்களிடம், “மருமக சர்வர் பாத்துக்குற வேலைல இருக்கா” என்று பெருமையடித்துக்கொள்ள, “அப்படியா, எந்த ஹோட்டல்ல?” என்று கேட்டுவிட்டார்கள். இத்தனை வருடமாகியும் நாத்தனார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இவளும் கடமைக்குச் சிரித்து வைப்பாள்.

அவள் பொறுப்பில் இருந்த சர்வர், எல்லா அறைகளுக்கும் படங்களை அனுப்பும் பெரிய கணினி, ஒன்றே ஒன்றுதான். நோயாளிகளின் விழித்திரைப் படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. ஏழு வருடத்துக்கு முன்பு அதன் ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தவளும் அவளே. இயந்திரம் ஓடத் தேவையான மென்பொருளுக்கு நாற்பது ஜிபி, மீதி முழுவதும் படங்களுக்கு. “நாற்பது தாராளம்” என்று அன்றைக்கு அடித்துச் சொன்னாள். மென்பொருள் வருடாவருடம் ஊதிக்கொண்டே போனது. இப்போது சின்னப் பகுதி கழுத்துவரை நிரம்பிக் கிடக்க, பெரிய பகுதியில் பாதி காலியாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து, வேண்டாத கோப்புகளைத் தேடி அழிப்பாள். மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. போன மாதம் இடமில்லாமல் இயந்திரம் நின்றுபோய், ஒரு டாக்டர் நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயந்திரமும் பழசு. ஓடிக்கொண்டிருக்கும்போதே பகுதிகளின் அளவை மாற்ற அது ஒத்துவரவில்லை. டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து வெளியே இன்னொரு டிஸ்க்கில் வைக்க வேண்டும். உள்ளே இருப்பதை அழித்துப் புது அளவில் பிரிக்க வேண்டும். பிறகு பிரதியைத் திரும்ப இறக்க வேண்டும். நோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்தாள். ஏசி குளிரில் முட்டி வலித்தது. ஒன்பது மணிக்குப் பிரதி முடிந்தது. அது சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையை ஓடவிட்டாள். பத்து மணிக்குத் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பிரதியில் ஓர் இடம் மூலத்தோடு பொருந்தவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலாளர் போன் செய்தார்.

“என்னம்மா, முடிஞ்சுதா?”

“இல்ல சார். பிரதி சரியா வரல. மறுபடி எடுக்கணும்.”

“முழுசாவா வரல?”

“ஒரு இடத்துல இடிக்குது சார்.”

“ஒரே ஒரு இடம்தானே? மேல போங்கம்மா. எனக்கும் மேல பதில் சொல்லணும்ல.”

“பாக்குறேன் சார்.”

போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முந்தின நாள் முழுக்கத் துணி துவைத்த கை வலித்தது. அழிக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டில் படுத்துவிடலாம். இப்படித்தான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், சோதித்துப் பார்க்க அலுத்துப்போய் அழுத்தினாள். பிரதி திறக்கவே இல்லை. மூன்று வருட மதிப்பெண்கள் போய்விட்டன. கணக்கு டீச்சர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய விடைத்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மாதம் எண்களை வாசித்தார். இவள் தட்டச்சு செய்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவள் பொத்தானை அழுத்தவில்லை. புருஷனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, அலமாரி மேல ஒரு கறுப்பு டிஸ்க் இருக்கும். எடுத்துட்டு வர முடியுமா? இங்க இருக்கறது பழுதுன்னு நெனைக்கிறேன்.”

“அதுல பாப்பா போட்டோ எல்லாம் இருக்கே?”

“இருக்கட்டும். காலி இடம் நெறைய இருக்கு. அதைத் தொடவே மாட்டேன்.”

“நீ சாப்டியா?”

“வாங்க, அப்புறம் சொல்றேன்.”

பதினொரு மணிக்கு அவர் வந்தார். டிஸ்க்கோடு ஒரு ரொட்டிப் பொட்டலமும் வைத்திருந்தார். போகச் சொல்லியும் போகவில்லை. அவளுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். இரண்டாவது பிரதியும் சோதனையும் முடிய மூன்று மணியாயிற்று. இந்த முறை சிவப்பு எழுத்து வரவில்லை. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வராமல், பிரதிக்குள் புகுந்து பத்துப் படங்களைத் திறந்து பார்த்தாள். பிறகுதான் அழித்தாள். சின்னப் பகுதிக்கு நூற்றிருபது ஜிபி ஒதுக்கினாள். இந்தத் தடவை தாராளம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பிரதி திரும்ப இறங்கி முடிந்து, ஆறு மணிக்கு இயந்திரம் எழுந்தது. ஏதோ ஒரு விழித்திரை, ஆரஞ்சு நிறத்தில் நரம்போடு திரையில் வந்து நின்றது.

“இது யாரோட கண்ணு?” என்றார், அப்போதுதான் விழித்தவர்.

“தெரியல. நம்பர்தான் இருக்கு.”

பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து, இறங்க வேண்டிய இடம் தாண்டியும் தூங்கினாள். அவர் எழுப்பவில்லை. இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தார்கள்.

திங்கட்கிழமை காலை டாக்டர்களின் அறைகளில் படங்கள் சட்சட்டென்று திறந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. வரவேற்பறைப் பெண் மட்டும் எட்டே காலுக்குக் கூப்பிட்டாள். “அக்கா, நேத்து என்ன பண்ணீங்க? என் பிரிண்டர் வேலை செய்யல!”

“இதோ வரேம்மா” என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.