குணசுந்தரியின் ஒன்பது கிலோ

சிடாம் கிரி பக்கத்துச் செம்பனைத் தோட்டச் சாலையில் ஒரு பெண் நிம்மதியாக நடக்க முடியாது. நாயும் பாம்பும் ஒரு பொருட்டே இல்லை. அவற்றைக் குச்சியால் சமாளிக்கலாம். தெரிந்தவர்களைத்தான் சமாளிக்க முடியாது. மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்கள், "ஏறு" என்பார்கள், ஏறுகிறவரை நகரமாட்டார்கள்.

குணசுந்தரிக்கு நாற்பத்தாறு வயது. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு பேக்டரியில் இருபத்தாறு வருடமாக வேலை. நகத்தளவு சிப்புகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் கண்ணை வைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலை ஏழிலிருந்து மூன்றுவரை நாற்காலியை விட்டு எழ வேலையே இல்லை. பேக்டரி பஸ் வீட்டு முனையில் ஏற்றிக்கொண்டு போய், அதே முனையில் கொண்டுவந்து இறக்கிவிடும். இருபத்தாறு வருடத்தில் சிப்புகள் சிறுத்துக்கொண்டே போயின, குணசுந்தரி பெருத்துக்கொண்டே வந்தாள். கடைசியாக நிறுத்துப் பார்த்தபோது எண்பத்து மூன்று கிலோ.

அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே கிடையாது. தம்பிக்குக் கிட்னி போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் பட்டிருக்கமாட்டாள்.

தம்பி சுகுமாரனுக்கு முப்பத்தெட்டு. சுங்கைப் பட்டாணியில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அப்பாவைக் கொண்டுபோன அதே இனிப்புநீர் இவனையும் சின்ன வயதிலேயே பிடித்து, இரண்டு வருடத்துக்கு முன் கிட்னி இரண்டையும் தின்று முடித்தது. வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நாலு மணி நேரம், டயாலிசிஸ் மெஷினில் கிடக்கிறான். அக்காவுக்கு மட்டும் அதிசயமாக இனிப்புநீர் இல்லை. ரத்தமும் பொருந்தியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு, "கொடுக்கலாம். ஆனால் இந்த எடையில் உங்கள் மேல் கத்தி வைக்கமாட்டோம். ஒன்பது கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்" என்றார்.

சுகுமாரன் அன்றைக்கு முகம் தெளிந்து வெளியே வந்தான். அக்காவிடமிருந்து வாங்கக்கூடாது என்பதில் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தவன் அவன். ஒன்பது கிலோவாவது, அக்கா குறைப்பதாவது என்று நினைத்திருப்பான். குணசுந்தரிக்கு அந்தத் தெளிந்த முகத்தைப் பார்த்துத்தான் ரோஷம் வந்தது. மறுநாளே நடப்பதற்கென்று வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கினாள்.

கணவர் மனோகரனிடம் மட்டும் சொன்னாள். செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர், தொண்ணூற்றெட்டுக் கிலோ. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், சாப்பிட்டுக்கொண்டே "உன் தம்பி, நீ பாத்து செய்" என்றார். மாமியார் மருதம்மாளிடம் மூச்சு விடவில்லை. விட்டால் கிழவி வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து, மருமகளை உயிரோடு பாடை ஏற்றிவிடுவாள். சொன்னால் மாமியாருக்குத் தெரிந்துவிடும் என்பதால் வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கிளம்பினாள். நூறு எட்டு வைத்திருக்கமாட்டாள், பின்னால் பழைய ஹோண்டாவின் சத்தம். தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற மண்டோர் முருகையா.

"என்னம்மா நடந்து போற? மோட்டார் கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. சும்மா எக்சசைஸ்."

"பேக்டரில மாடு மாதிரி ஒழைக்கிறவளுக்கு எதுக்கு எக்சசைஸ்? ஏறு."

"வேணாண்ணே, நான் நடக்கத்தான் வந்தேன்."

"பொம்பளப் புள்ள நடக்க நான் மோட்டார்ல போனா, பாக்கிறவன் என்னைக் காறித் துப்பமாட்டான்? ஏறு லா."

எஞ்சினை அணைத்துவிட்டு நின்றார். இந்தப் பக்கத்தில் அது பழக்கம். பஸ் இல்லாத காலத்தில் டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒருவரையொருவர் ஏற்றிக்கொண்டு போனவர்கள். தெரிந்த முகம் ரோட்டில் நடந்தால் ஏதோ கஷ்டம் என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். விட்டுவிட்டுப் போவது பெரிய பாவம். கூப்பிட்டு ஏறாமல் இருப்பது அதைவிடப் பெரிய அவமரியாதை. குணசுந்தரி ஏறினாள். மோட்டாரைத் திருப்பி, ஒரே நிமிடத்தில் அவள் கிளம்பிய அதே வாசலில் இறக்கிவிட்டு, "ஒண்ணுன்னா சொல்லும்மா" என்று பாசமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் வேறு பாதை, வேறு மோட்டார். அதற்கடுத்த நாள் கோயில் ஆட்களை ஏற்றிப்போகும் கார், கோயில் காடியே வந்து நின்றது. மகள் வாணி அம்மாவின் கைப்பேசியில் நடக்கிற தூரத்தைக் கணக்கெடுக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "மா, நீங்க மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல நடந்திருக்கீங்க. ஒலிம்பிக் போலாம் மா!" குணசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பேசியைப் பிடுங்கி அடுக்களைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

நடந்தால்தானே நிறுத்துகிறார்கள், ஓடிப் பார்ப்போம் என்று ஒருநாள் தோன்றியது. அது நடந்ததைவிட மோசமாகப் போயிற்று. தோட்டத்தில் நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருத்தி ரோட்டில் ஓடினால், ஒன்று எங்கோ விபத்து, இல்லையென்றால் சாவு. இரண்டாவது வளைவு வருவதற்குள் முருகையாவின் பெண்டாட்டி, அவருடைய இரண்டு மருமகள்கள், கையில் கரண்டியோடு பக்கத்து வீட்டுக்காரி என்று ஆறேழு பேர் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். "யாருக்கு என்னாச்சு? அடியே, யாருக்கு என்னாச்சு?" நின்று திரும்பி "ஒண்ணும் இல்ல" என்றாள். ஒன்றுமில்லாமல் யாராவது ஓடுவார்களா? அவர்கள் நம்பவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மருதம்மாள் திருநீறு போட்டாள்.

அந்த மருதம்மாள் தனிக் கதை. மருமகளுக்குக் கொஞ்சம் கழுத்து தெரிய ஆரம்பித்ததும், "உடம்பு உருகிப் போச்சே" என்று சோற்றில் ஒரு கரண்டி நெய் கூட்டினாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டு தானும் சாப்பிடமாட்டாள். குணசுந்தரி பேக்டரிக்கு வெள்ளரிக்காய் கட்டிக்கொண்டு போனால், பையைத் திறக்கும்போது அடியில் நாசி லெமாக் பொட்டலம் ஒன்று தேங்காய்ப்பால் சோற்று வாசனையோடு காத்திருக்கும். பசிக்கிற நேரத்தில் அதைத் தூக்கிப்போட அவள் ஒன்றும் சாமியாரிணி இல்லை. தின்றுவிட்டு, மாமியாரைத் திட்டி, தன்னையும் திட்டிக்கொள்வாள்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. கிளினிக்கில் நிறுக்கப் போனாள். முள் எண்பதரையில் நின்றது. மலாய்க்கார நர்ஸ் உதட்டைப் பிதுக்கி, "பெலும் லா, கக்" என்றாள். இன்னும் வரவில்லையாம், அக்காவாம். அவ்வளவு அவமானப்பட்டும் இரண்டரைக் கிலோ. அதே வாரத்தில் சுகுமாரனுக்கு மெஷினில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் விழுந்து, அரைமணி நேரம் நினைவில்லாமல் கிடந்தான் என்று தகவல் வந்தது.

அன்று சாயங்காலம் அவள் நடக்கவில்லை, ரோட்டை மிதித்துக்கொண்டு போனாள். முருகையா வந்து நின்றார். கை காட்டி அனுப்பினாள். இன்னொருவன் வந்தான்; அவனையும் அனுப்பினாள். மூன்றாவதாக, பஸ்ஸில் கூட வரும் புஷ்பவள்ளி ஸ்கூட்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினாள்.

"குணாக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் அடிக்கிறாராமே? வீட்ட விட்டு வீட்ட விட்டு நடந்துபோறீங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. என் வீட்டுக்கு வாங்கக்கா, ஏறுங்க."

குணசுந்தரி நடுரோட்டில் நின்று கத்தினாள்.

"அடியேய்! அவரு என்னை அடிக்க மொதல்ல நாற்காலிய விட்டு எந்திரிக்கணும்டி! என் தம்பி செத்துக்கிட்டு இருக்கான். அவனுக்கு என் கிட்னிய குடுக்கணும். குடுக்க நான் ஒம்போது கிலோ கொறையணும். ரெண்டு மாசமா கொறைக்க விடமாட்டேங்கிறீங்க! ஏறு, ஏறு, ஏறு! இனிமே எவனாவது எனக்குப் பக்கத்துல மோட்டார நிறுத்துனா, சாவிய புடுங்கி சாக்கடைக்குள்ள வீசிருவேன்! போய்ச் சொல்லு எல்லாருக்கும்!"

ரோட்டோரச் சாக்கடையில் கழிவுநீர் ஓடிக்கொண்டிருந்தது. புஷ்பவள்ளி ஸ்கூட்டரைத் திருப்பினாள். சொல்லச் சொன்னதைச் சொன்னாள். குணசுந்தரி வீட்டுக்கு வருவதற்கு முன்பே மருதம்மாளின் ஒப்பாரி வாசலுக்கு வந்துவிட்டது.

மறுநாள் யாரும் "ஏறு" என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மோட்டாரை உருட்டிக்கொண்டே கூட வந்து யோசனை சொன்னார்கள். பாகற்காய்ச் சாறு குடி என்றார் ஒருவர். கையை வீசி நட என்றார் முருகையா. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். செம்பனை மரங்களுக்கு நடுவில் போகும் நீளமான நேர் ரோட்டுக்கு வந்தபோது, ஒரு காடி வந்து அவள் முன்னால் குறுக்கே நின்றது. சுகுமாரன்.

"அக்கா, காடியில ஏறு."

"போடா அந்தாண்ட."

"நான்தான் வேணாம்னு சொன்னேன்ல? யாரக் கேட்டு நடக்குற நீ?"

"ரோட்டுல நடக்க ஒன்னைக் கேக்கணுமா?"

காடியைச் சுற்றிக்கொண்டு போனாள். அவன் இறங்கிப் பின்னால் வந்தான். "நில்லுக்கா" என்று நாலைந்து தடவை கூப்பிட்டான். ஒவ்வொரு தடவைக்கும் குரல் இளைத்தது. குணசுந்தரி திரும்பிப் பார்த்தபோது, இருபது எட்டுக்கூட வைத்திருக்காதவன் ரோட்டோரத்தில் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்று மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தான். கால்கள் வீங்கி, சிலிப்பரின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. ஓடிப்போய்த் தாங்கினாள். திட்டிக்கொண்டே காடிக்குள் உட்காரவைத்தாள். ஓட்ட அவளே உட்கார்ந்தாள். இன்றைய நடையும் போயிற்று.

"எட்டு வயசு வித்தியாசம்டா. ஒன்ன இடுப்புல தூக்கித் தூக்கித்தான் என் இடுப்பே கோணிப்போச்சு. எனக்கு வந்து நீ சட்டம் பேசுற."

சுகுமாரன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்.

"சட்டம் இல்லக்கா. அப்பாவுக்கு வந்துச்சு. எனக்கு வந்துச்சு. உனக்கு வரல. நாளைக்கு வாணிக்கு வந்தா யாரு குடுப்பா? உங்கிட்ட அப்ப ஒண்ணுதான் இருக்கும். அந்த ஒண்ண நான் வாங்கிட்டேன்னு தெனம் நெனைச்சுக்கிட்டு நான் உயிரோட இருக்கணுமா?"

இரண்டு மாதமாகத் தம்பியை மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தவளுக்கு, மகளின் பெயர் இந்த இடத்தில் வரும் என்று தோன்றவே இல்லை. காடியை ஓரமாக நிறுத்திவிட்டாள். பிறகு, பயத்தை மூடுவதற்கென்றே, பேக்டரி ஹாலே அடங்குகிற மாதிரி கத்தினாள்.

"வாணிக்கு வந்தா அவ அப்பன் குடுப்பாரு! நீ வாய மூடு!"

அந்த நிலைமையிலும் சுகுமாரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமாவா? அவரு கோழிக்குத் தீனி வைக்கவே மோட்டார் எடுக்கிறவரு லா. டாக்டரு அவர வாசல்லயே திருப்பி அனுப்பிருவாரு."

சரியாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்தார்கள். சுகுமாரன் சோபாவில் சாய்ந்தான். வாணி அவனுக்கு அளவுக் குவளையில் அரைக் கப் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவளுக்கு மனப்பாடம். குணசுந்தரி நேராகப் பின்வாசலுக்குப் போனாள். லாரி வேலை முடிந்து வந்த மனோகரன் எண்ணெயில் பொரித்த வாழைப்பழப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளையிலருந்து எங்கூட நடக்கணும் நீங்க."

"நானா? குடுக்கப்போறது நீ. எனக்கு எதுக்கு?"

"நான் ஒண்ண தம்பிக்குக் குடுத்துட்டா எனக்கு ஒண்ணுதான். நாளைக்கு வாணிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்த வீட்டுல குடுக்கிறதுக்கு மிச்சம் இருக்கப்போறது உங்ககிட்ட இருக்கிற ரெண்டுதான். அதையாவது ஒழுங்கா வெச்சிருங்க."

மனோகரன் அவளைப் பார்த்தார். பிறகு கதவு வழியாக உள்ளே பார்த்தார். வாணி மாமனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் வைத்து, வீக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமுக்கிய இடத்தில் விழுந்த குழி சீக்கிரத்தில் எழும்பவில்லை.

மனோகரன் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்து எழுந்தார்.

"நாளைக்கு எதுக்கு? வா, போலாம்."

"சப்பாத்து கூட இல்ல உங்ககிட்ட."

"சிலிப்பரு போதும். நட."