கோட்டைக்குள் தொலைந்த கணவர்

போன மாதம் இங்கிலாந்தில், இடிந்து கிடந்த ஒரு கோட்டைக்குள், என் கணவர் தொலைந்து போனார்.

பம்பாய் திரும்பி, மாட்டுங்கா மார்க்கெட்டில் இதைச் சொன்னதும், பக்கத்து பில்டிங் தோழி கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அய்யய்யோ! அப்பறம் கிடைச்சாரா?"

கிடைக்காமலா நான் நின்று நிதானமாக வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

மகன் அங்கே வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, பக்கத்துல ஒரு பழைய காஸில் இருக்கு. சும்மா ஒரு சக்கர் அடிச்சுட்டு வரலாம்" என்றான். நானும் ராஜா, ராணி, சிம்மாசனம் என்று மனதுக்குள் ஜோடித்துக்கொண்டு, பட்டுப்புடவை கட்டாத குறையாகக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால்... கூரை இல்லை. மாடி இருந்த இடத்தில் ஆகாயம். பாதிச் சுவர், கால் சுவர், நடுவில் புல்தரை. மேலே மழைத் தூறல். இதற்கு டிக்கெட் வேறு!

"நம்ம ஊர்ல இப்படி ஒரு பில்டிங் நின்னா, முனிசிபாலிட்டிக்காரன் நோட்டீஸ் ஒட்டி எல்லாரையும் காலி பண்ணிடுவான். இவன் என்னடான்னா கவுண்டர் போட்டு உக்காந்துண்டிருக்கான்" என்றார் கணவர்.

மகனுக்கு ஏதோ ஃபோன் வந்தது. அவன் காரிலேயே தங்கிவிட, நாங்கள் இருவர் மட்டும் உள்ளே போனோம். வழி தெரிவதற்காக ஆங்காங்கே நம்பர் போட்ட போர்டுகள். ஒவ்வொன்றிலும் அந்தந்த இடத்தின் கதை எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் படித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

என் கணவர் வேகமாகப் படிப்பார், அதைவிட வேகமாக நடப்பார். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆகியும் வண்டி பிடிக்கிற அந்த நடை போகவில்லை. நானோ பழைய சமையலறையில் நின்றுவிட்டேன். அடுப்புக்குள்ளேயே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம், அத்தனை பெரிசு! இதில் தினமும் எத்தனை பேருக்குப் பொங்கிப் போட்டார்களோ, பாத்திரம் யார் தேய்த்தார்களோ... எனக்கு வேறென்ன தோன்றும்? அப்போது பார்த்து, சுற்றிப் பார்க்க வந்த ஒரு பிள்ளைகள் கூட்டம் கூச்சலோடு உள்ளே நுழைந்தது. அது கடந்து போனதும் திரும்பினால் — அவரைக் காணோம்.

ஃபோன் அடித்தேன். எடுத்தது மகன்.

"அம்மா, அப்பா ஃபோனை கார்லயே விட்டுட்டுப் போயிட்டார்."

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் போட்டாகிவிட்டது. மத்தியானச் சாப்பாடோ தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஊரிலிருந்து கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான், சர்க்கரை இறங்கி, எங்கள் பில்டிங் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, என்னையே யாரோ மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. இங்கே ஈரப் படிகள், கைப்பிடி இல்லாத சுவர்கள், ஓரத்தில் ஆழமான அகழி.

வந்த வழியே ஓடினேன். முற்றம், காவல் அறை, கழிப்பறை, காபிக் கடை... எங்கும் இல்லை. மகன் ஓடி வந்து, "டென்ஷன் மத் லோ, மா" என்று, டென்ஷன் ஆகாதே என்பதை இந்தியில் சொன்னான். டென்ஷன் முழுக்க அவன் முகத்தில்தான் இருந்தது. டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண்மணி, அவர் என்ன அணிந்திருந்தார் என்று கேட்டாள்.

"மங்கி கேப்!" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி என் முகத்தைக் கையால் மூடிக் காட்டினேன். இன்னும் மிரண்டு போனாள். பிறகு மெதுவாகக் கேட்டாள் — அவருக்கு நினைவு தடுமாறுவது உண்டா?

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே உறைத்தது. நினைவு சரியாக இருந்தால் அவர் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியுமே!

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில், பாலக்காட்டிலிருந்து வந்திறங்கிய எனக்கு லோக்கல் வண்டி என்றாலே உதறல். ஒரு நாள் மாட்டுங்கா ஸ்டேஷனில் அவர் கூட்டத்தோடு ஏறிவிட்டார், நான் ஏறவில்லை. அவர் அடுத்த ஸ்டேஷனான சயானில் இறங்கி, என்னைத் தேடி மாட்டுங்காவுக்குத் திரும்பினார். நான் அடுத்த வண்டியைப் பிடித்து, அவரைத் தேடி சயான் போனேன். அங்கே காணாமல் நான் திரும்ப, அவர் மறுபடி சயான் போக... செல்ஃபோன் இல்லாத காலம் வேறு. அன்று வீட்டில் பெரிய சண்டை. சண்டை முடிவில் ஒரு சட்டம்: முன்னால் போனவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நிற்க வேண்டும், அசையவே கூடாது. பின்தங்கியவர்தான் போய்ச் சேர வேண்டும்.

பம்பாயில் பாதிக் கல்யாணங்கள் இப்படித்தானே ஓடுகின்றன? கணவன் ஜெனரல் டப்பா, மனைவி லேடீஸ் டப்பா. ஒரே வண்டி, வேறு வேறு பெட்டி. இறங்கியபின் பாலத்தடியில் சந்திப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் லைவ் லொகேஷன் அனுப்பிக்கொள்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஃபோன் காரில் கிடந்தால்?

முன்னால் போனவர் அவர். நானோ இவ்வளவு நேரமும் பின்னால் தேடிக்கொண்டிருந்தேன்!

மறுபடி ஓடினேன். சமையலறையைத் தாண்டி, சுவரில் ஒரு சின்ன வாசல். குனிந்து நுழைந்தால் ஒரு பழைய கிணறு. கிணற்றோரம் அடுத்த நம்பர் போர்டு. போர்டின் கம்பத்தைப் பிடித்தபடி, தூறலில் நனைந்துகொண்டு, மங்கி கேப்போடு நின்றார். பக்கத்திலேயே பெஞ்ச் இருந்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நான் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவேனாம்!

என் பையிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்து அவர் வாயில் திணித்தேன். அப்பாடா! உயிர் திரும்பி வந்தது எனக்குத்தான். அவர் தோளில் சாய்ந்து, அக்கம்பக்கம் பார்க்காமல் அழுதேன்.

மூச்சிரைக்க வந்த மகன், "என்னப்பா இது? எங்களைக் காணோம்னா திரும்பி வரவேண்டியதுதானே?" என்றான்.

"நான் ஏண்டா திரும்பணும்? முன்னாடி போனவன்தான் நிக்கணும்."

சொல்லிவிட்டு, பிஸ்கட்டை மென்றபடி என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் இவ்வளவு லேட்? இதுக்குள்ள எத்தனை வண்டி போயிருக்கும்!"