உரலில் இடித்த மாத்திரை

சோழவந்தானிலிருந்து மதுரைக்குத் தலையில் வெற்றிலைக் கூடை சுமந்து வந்தவன் நான். காலில் செருப்பு கிடையாது. இன்றைக்குக் காளவாசலில் வெற்றிலைக் கமிஷன் மண்டி என்னுடையது. அதை ஒட்டி வரிசையாக நிற்கும் கடைகள் என்னுடையவை. கே.கே. நகரில் மாடி வைத்த வீடு என்னுடையது. நான் அந்தக் காளவாசல் இடத்தை வாங்கும்போது, “முள்ளுக்காட்டுக்குள்ள யாருக்குய்யா வெத்தல விக்கப் போற, ஓணானுக்கா?” என்று சிரித்தார்கள். சிரித்தவரில் ஒருவர் இப்போது என் கடையில்தான் வாடகைக்கு இருக்கிறார். சிரிப்பதில்லை.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இருந்தாலும் வாராவாரம் இந்தப் பத்திரிகையில், இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசுகிறேனே... இதுவும் நானாகப் பிடித்த இடம்தான். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

பழைய பெருமையெல்லாம் இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது. நான் பாடுபட்டு நிறுத்தியதில் ஒன்றை மட்டும் வேறு ஆள் கணக்கில் எழுதப் பார்க்கிறார்கள். அது கட்டடம் இல்லை. ஒரு கால். என் மாப்ள வீரணனின் இடது கால்!

வீரணன் என் வீட்டுக்காரியின் தம்பி. சோழவந்தானில் சொந்தமாகக் கொடிக்கால் வைத்திருக்கிறான் – வெற்றிலைத் தோட்டம். போன வாரம் காளவாசல் முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் மண்டி வரைக்கும் எங்கேயும் நிற்காமல் நடந்து வந்தான். எதிர் டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, கால் வலி போயிருச்சா?”

“எல்லாம் கொலசாமி புண்ணியம்ணே. வெள்ளியில காலு செஞ்சு போடுறதா அக்கா வேண்டிக்கிருச்சு. அம்புட்டுதேன்... வலி ஓடியே போச்சு!”

நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாவி.

சரி, நடந்ததை நானே சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கொஞ்ச காலமாகவே வீரணனுக்கு நடந்தால் கெண்டைக்காலில் வலி. கொஞ்ச தூரம் நடப்பான், கால் இழுத்துப் பிடிக்கும், நிற்பான். நின்றால் வலி போய்விடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். ஊரில் ஆளுக்கு ஒரு எண்ணெய் சொன்னார்கள். எல்லாவற்றையும் தேய்த்தான். பிறகு கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. நான்தான் – கவனியுங்கள், நான்தான் – கே.கே. நகரில் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

சின்ன வயசு டாக்டர். கணுக்காலில் விரலை வைத்து நாடி பார்த்தார். காலுக்குப் போகிற ரத்தக் குழாய் சுருங்கி, ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்றார். ரோஸ் கலரில் நீளமாக ஒரு மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு முழுசாக விழுங்கணும், உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, சுருட்டை விடணும், தினம் நடக்கணும் என்று சொன்னார். வீரணன் எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினான்.

அந்தத் தலையாட்டலை நான் அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? எத்தனை வியாபாரியைப் பார்த்தவன் நான்! ரொம்ப ஆட்டுகிறவன் எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

மாதம் இரண்டு போயிருக்கும். ஒரு காலையில் வெற்றிலை மூட்டைகளோடு மண்டிக்கு வந்தவன், மூட்டை மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். உடம்பெல்லாம் வியர்வை. முகம் சிவந்திருக்கிறது. கண் சொருகுகிறது.

“என்ன மாப்ள, என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்ல மச்சான். மருந்து ஏறுது.”

“எது ஏறுது?”

“தல கிறுகிறுன்னு வந்தா மருந்து ரத்தத்துல எறங்குதுன்னு அர்த்தம். தெனமும் இப்புடித்தேன். செத்த நேரத்துல சரியாயிரும்.”

தினமுமா! இதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. தலை சுற்றுவதை மருந்தின் வீரியம் என்று மெச்சிக்கொண்டு திரிந்திருக்கிறான். இவன் எந்தக் காலேஜில் டாக்டருக்குப் படித்தான்? சொல்லி வாய் மூடவில்லை... வாந்தி. ஆட்டோவைப் பிடித்து அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். அவன் வெற்றிலைப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன் – அந்த நிலையிலும் “பெட்டி, பெட்டி” என்றான்.

வழியில் வீட்டில் நிறுத்தி என் வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொண்டேன். தம்பி கிடந்த கிடையைப் பார்த்து அவள் அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் பிரஷர் பார்த்தார். இறங்கிப்போயிருக்கிறது என்றார். படுக்கவைத்துக் காலைப் பார்த்தார். புண் அப்படியே இருக்கிறது. அவர் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் கேட்கவே சொன்னார்.

“மருந்து ஒத்துக்கவும் இல்ல, வேலை செய்யவும் இல்ல. இத நிறுத்திட வேண்டியதுதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆபரேஷன் தேவைப்படலாம். புண் ஆறாம இருக்கறதால விரலை எடுக்கச் சொன்னாலும் சொல்வாங்க... சில பேருக்கு விரலோட நிக்கறதில்ல.”

வீரணன் படுத்தபடியே கேட்டான்: “ஏணியில ஏறலாமுங்களா டாக்டரு?”

உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். கொடிக்காலில் வெற்றிலைக் கொடி அகத்தி மரத்தைப் பற்றி மேலே மேலே ஏறும். ஏணி வைத்துத்தான் கிள்ள வேண்டும். காலில் ஊன்றி நிற்க முடியாதவனுக்குக் கொடிக்கால் எதற்கு? அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். டாக்டர் மறுபடி புண்ணைப் பார்த்தார். என் வீட்டுக்காரி அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுக் குலசாமிக்கு வெள்ளிக் கால் நேர்ந்துகொண்டாள்.

நான் என்ன செய்தேன்? சொல்கிறேன்.

என் கையில் சுருக்கென்று கடித்தது. பார்த்தால் எறும்பு. ஒன்றல்ல... வெற்றிலைப் பெட்டியிலிருந்து வரிசை கட்டி என் முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. வெற்றிலைக்கு எறும்பு வருமா? ஆயுசு பூராவும் வெற்றிலையோடு குடும்பம் நடத்துகிறவன் நான். பாக்குக்கு வராது, சுண்ணாம்புக்கு வராது. பெட்டியைத் திறந்தேன்.

மேலே மாத்திரை அட்டை. கீழே மடித்த வெற்றிலை ஒன்று – பிரித்தால் உள்ளே தேன். பக்கத்தில் அவன் பாக்கு இடிக்கிற குட்டி இரும்பு உரல். கடைவாய்ப் பல் போனதிலிருந்து அதில் இடித்துத்தான் போட்டுக்கொள்வான். வெற்றிலை இடித்த உரலில் என்ன ஒட்டியிருக்கும்? சக்கை ஒட்டியிருக்கும். இதில் ஒட்டியிருந்தது பொடி. ரோஸ் கலர்ப் பொடி!

உரலை எடுத்து டாக்டர் மூக்குக்கு நேரே நீட்டினேன். “இது என்னன்னு கேளுங்க!”

டாக்டர் பொடியைப் பார்த்தார், வீரணனைப் பார்த்தார். “பெரியவரே, மாத்திரையை உடைக்கக் கூடாதுன்னு சொன்னேனே?”

“ஒடைக்கலீங்களே.”

“மெல்லக் கூடாதுன்னும் சொன்னேன்!”

“மெல்லவும் இல்லீங்க. இடிச்சேன்.”

இடித்துத் தேனில் குழைத்து, வெற்றிலையில் மடித்து, விடியக்காலம் வெறும் வயிற்றில்! நாட்டு வைத்தியர் பஸ்பம் கொடுத்தால் எப்படிச் சாப்பிடுவார்களோ அப்படி. கேட்டால் காரணம் வேறு வைத்திருந்தான்.

“முழுசா முழுங்குனா வயித்துலயே கெடக்கும் மச்சான். அது எப்ப கரைஞ்சு, எப்ப கால் வரைக்கும் எறங்குறது? வெத்தலச் சாறுல போனா நேரா ரத்தத்துல சேரும்ல?”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்க ஆரம்பித்தார். இந்த மாத்திரை வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பல மணி நேரத்துக்கு மெதுவாக வேலை செய்கிற மாதிரித் தயாரித்தது. பொடி பண்ணினால் அத்தனை மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறும். அதனால்தான் கிறுகிறுப்பு, வாந்தி, பிரஷர் இறங்குவது. பிறகு சீக்கிரமே தீர்ந்துபோய் மிச்ச நேரத்துக்கு மருந்தே இருக்காது. அழகாகத்தான் சொன்னார். வீரணன் தலையை ஆட்டினான்.

அதே ஆட்டல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நிறுத்துங்க டாக்டர். நான் கேக்குறேன். மாப்ள, கொடிக்காலுக்கு எப்படித் தண்ணி விடுவ?”

“வாய்க்கால்ல நிப்பாட்டி, மெல்ல ஊற விடணும்.”

“ஒருநாள் தண்ணி முழுக்க ஒரே நேரத்துல மடையைத் திறந்து விட்டா?”

“யாராச்சும் விடுவாகளா? வேரு அழுகி, கொடி அம்புட்டும் சுருண்டு விழுந்துரும்.”

“கொடிக்கு இம்புட்டு யோசிக்கிறயே, ஒன் ஒடம்புக்குள்ள தெனமும் மடையத் தொறந்து விட்டிருக்கயேய்யா!”

அவன் தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஏறியது. மருந்து இல்லை... விஷயம்.

அதற்குப் பிறகு டாக்டர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. வலிக்கு வேறு எதுவும் சாப்பிட்டீர்களா? பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிச் சேர்த்துப் போட்டுக்கொண்டானாம். டாக்டர் திடுக்கிட்டுப் போனார். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கசியலாமாம்.

“ஈறுல ரத்தம் வருதா?”

“வெத்தல போடுற வாயில எது ரத்தம், எது சாறுன்னு யாரு கண்டா டாக்டரு?”

மாத்திரை அட்டையில் கணக்குக்கு மேல் குறைகிறதே, மிச்சம் எங்கே? பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்தானாம். அவர் வரப்பில் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டவர். “கால் வலின்னா கால் வலிதான மச்சான்!” தர்மப் பிரபு! சுருட்டு? “கொறச்சுட்டேன்.” குறைத்தவன் சட்டைப் பையிலேயே இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் யோசித்தார். பெரிய ஆஸ்பத்திரிப் பேச்சைத் தள்ளி வைத்தார். அன்றைக்குப் பூராவும் அங்கேயே படுக்கவைத்துக் கவனித்தார். பிறகு, “மருந்து தோத்துதுன்னு நெனச்சேன். அது இன்னும் ஆரம்பிக்கவே இல்ல போல. ரெண்டு நாள் உடம்பு தேறட்டும், அப்புறம் முறையா பாக்கலாம். புண் பெருசானாலோ, கறுத்தாலோ, உக்காந்திருக்கும்போதே வலிச்சாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீங்க” என்றார். நல்ல டாக்டர்தான். ஆனால் முதலிலேயே, “எப்படிச் சாப்பிடறீங்க, செஞ்சு காட்டுங்க” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? படிப்பு வேறு, ஆளைப் பார்ப்பது வேறு.

வீரணனை ஊருக்கு விடவில்லை. என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். உரலைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டேன். சாப்பாடு முடிந்ததும் என் கண்ணெதிரே மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

“எதுக்கு மச்சான், நான் என்ன பச்சப்புள்ளயா?”

“பச்சப்புள்ளைக்கு ஒரல்ல இடிக்கத் தெரியாது. வாயத் தொற!”

சுருட்டை வாங்கி உடைத்துப் போட்டேன். வெற்றிலையோடு போடும் புகையிலையும் கூடாது என்றேன். வெற்றிலை விற்றுச் சாப்பிடுகிறவன் சொல்கிறேன், புகையிலை போடாதே என்று – எனக்கு நஷ்டமில்லையா? காலையில் தெருவில் நடக்கவிட்டேன். வலி வந்தால் நில், போனதும் நட என்று டாக்டர் சொன்னபடி. அவன் பல் பிடுங்கப் போகிறேன் என்றபோது, ரத்தம் நிற்காமல் போகலாம், பல் டாக்டரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதை முதலில் சொல் என்று அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

வாரங்கள் போயின. வலி குறையவில்லை. ஆரம்பித்துவிட்டான்.

“ஒண்ணும் கேக்கலயே மச்சான். நிறுத்திரவா?”

“கொடி நட்ட மறுநாளே எலை கிள்ளுவியா?”

மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினான். பிறகு ஒருநாள் தெரு முக்கு வரைக்கும் நிற்காமல் போய்வந்தான். பிறகு மார்க்கெட் வரைக்கும். புண் காய்ந்து தோல் மூடியது. டாக்டரே கணுக்காலைத் தொட்டுப் பார்த்து, இனிப் பயமில்லை, மருந்தை மட்டும் தான் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது என்றார். இப்போது கொடிக்காலில் ஏணி மேல் நிற்கிறான், மகராசன்.

ஒன்று கேட்கிறேன். மோட்டார் வாங்கினால் மெக்கானிக் சொன்ன ஆயிலைத்தானே ஊற்றுகிறீர்கள்? அதில் தேன் கலப்பீர்களா? பம்பு செட்டுக்குப் பயப்படுகிறவன் தன் வயிற்றுக்குப் பயப்பட மாட்டேன் என்கிறான். டாக்டர் எழுதியதில் பாதியைக் குறைப்பான், வலி அதிகமானால் இரண்டாய்ப் போடுவான், நன்றாக இருக்கிறதென்று பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பான். கடைசியில் மருந்து சரியில்லை என்பான். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்களய்யா! வாய் என்ன வெற்றிலை போட மட்டுமா இருக்கிறது?

இப்போது வழக்குக்கு வருகிறேன். டாக்டர், தன் மருந்து ஜெயித்தது என்கிறார். வீரணன், சாமி என்கிறான். வீட்டில் வெள்ளிக் காலுக்கு ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. எனக்கு என்ன பங்கு என்று கேட்டேன்.

“டாக்டரு கால பாத்தாரு. சாமி எல்லாத்தையும் பாத்துச்சு. நீங்க என்னத்தப் பாத்தீக?” என்கிறாள் என் வீட்டுக்காரி.

“எறும்பப் பாத்தேன்டி!”

வீடே சிரிக்கிறது. சிரிக்கட்டும். முள்ளுக்காட்டுக்கும் சிரித்தார்கள்.

சாமிக்கு நான் போட்டியில்லை. வெள்ளிக் கால் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஆசாரியிடம் நானும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் – அதில் என் பேர் இருக்க வேண்டும். உள்ளங்காலில் இல்லை... முன்னால், பார்த்ததும் தெரிகிற இடத்தில், இனிஷியலோடு!