எர்ணாவூர் ஜானட் போட்ட தப்பான வளைகோடு

எர்ணாவூர் ஜானட் அணுக்கருவுக்குள் இருக்கும் வலுவிசையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அதை நம்பி அவளை ஊசி போடக் கூப்பிட்டவர்கள் தெருவில் நாலு பேராவது உண்டு. புவனேசுவரத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

தடை ஒன்றுதான்: அம்மா ஃப்ளோரன்ஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா போனபின் வீட்டில் இவர்கள் இருவர்தான்.

ஜானட் இதையும் கணக்காகவே பார்த்தாள். புரோட்டானையும் நியூட்ரானையும் கட்டிப்போடும் விசைக்கு ஒரு சார்பு இருக்கிறது. தூரத்தைக் கொடுத்தால் இழுப்பைச் சொல்லிவிடும். ஒட்டி நின்றால் அசுரப்பிடி. விலகினால் மளமளவென்று சரியும். ஓரிரு புரோட்டான் அகலம் தாண்டினால் இருந்த இடம் தெரியாது. அந்த வளைகோட்டோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியவள், அம்மாவுக்கும் அதையே பொருத்தினாள். முதல் நாள் அழுவாள், விசாகப்பட்டினம் தாண்டினால் பூச்சியம். இப்படித் தப்புப் பண்ண டாக்டர் பட்டம் வேண்டும்.

ஃப்ளோரன்ஸ் சிரித்த முகமாகத்தான் வழியனுப்பினாள். கூடவே அரிசி மூட்டை, கருவாட்டு டப்பா, குட்டி அம்மிக்கல். இத்தனையோடு மெட்ரோவில் ஏற முடியாமல், அவளை டீச்சர் என்றே கூப்பிடும் பக்கத்து வீட்டு ரஷீதின் ஆட்டோவில் சென்ட்ரலுக்குக் கிளம்பினாள் ஜானட்.

விம்கோ நகரில் அம்மாவின் முதல் போன். "டப்பா மூடி டைட்டா கீதாடி?"

தேரடியில் அடுத்தது. "தல சுத்துறா மாறி கீது."

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நின்றன. அந்த வரிசையில் பிரம்மச்சாரியாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர், துறைமுக வாசலை எட்டுவதற்குள் மகளுக்குக் காது குத்தினார். கிளீனரே என்னிடம் சொன்னது. ஆட்டோ நடுவில் மாட்டிக்கொண்டது. நாலு பக்கமும் இரும்புப் பெட்டி, தலைக்கு மேல் நாடா அளவு வானம்.

மூன்றாவது போன். "நெஞ்ச அடைக்குது. பர்வால்ல, நீ போ."

"பாய், வண்டியத் திருப்புங்க."

"எங்க டீச்சர் திருப்ப? எறங்கி நடக்கக்கூட சந்து இல்ல."

திரும்பக் கூப்பிட்டாள். ஃப்ளோரன்ஸ் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது.

"அம்மாவுக்குத் தப்பான சார்பைப் போட்டுட்டேன் பாய். புரோட்டானுக்குள்ள குவார்க்குன்னு இருக்கு. அதுங்களுக்குக் கணக்கு வேற. பக்கத்துல இருக்கறப்போ ஒண்ணையொண்ணு கண்டுக்காது. பிரிச்சா, தூரத்தோட இழுப்பு குறையவே குறையாது. இழுக்க இழுக்க செலவாகுற சக்தி ஏறிக்கினே போவும்."

"அத்துட்டா?"

"அறுக்கலாம். நாம கொட்டின சக்தியிலயே புதுசா ஒரு ஜோடி பொறந்து, அறுந்த முனையில ஒண்ணொண்ணா ஒட்டிக்கும். தனியா ஒண்ணு வெளிய வந்ததே இல்ல."

"எங்க வூட்ல ஒரு வாட்டி வந்து பாரு டீச்சர், புஸ்தகமே தேவையில்ல," என்றார் ரஷீது.

ஜானட் சிரிக்கவில்லை. வேலை போனால் போகட்டும், முதல் சந்திலேயே வீட்டுக்குத் திரும்புவதென்று முடிவு செய்தாள். லாரிகள் ஊர்ந்து, காசிமேட்டருகே ரஷீது வண்டியை ஒடிக்கும் நேரம் போன் அடித்தது.

"எங்கடி கீற? நான் சென்ட்ரலாண்ட நின்னுகினு கீறேன்."

"நெஞ்சு அடைக்குதுன்னியேம்மா!"

"மெட்ரோல ஏசி போட்டான், சரியாப் பூட்ச்சு. சீக்கிரம் வா, வண்டி எடுத்துருவான்."

ஜானட் மூட்டையும் கல்லுமாக ஓடி ஏறியபோது, ஃப்ளோரன்ஸ் மகளின் இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். கையில் முன்பதிவில்லாத டிக்கெட், மடியில் துணிப்பை.

"ஹாஸ்டல்ல ஒருத்தருக்குத்தாம்மா எடம்."

"நான் இன்னா குண்டாவா கீறேன்?"

"எப்பம்மா திரும்புவ?"

ஃப்ளோரன்ஸுக்கு அது கேள்வியாகவே படவில்லை. ரயில் நகர்ந்தது. அம்மாவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே கிடைத்த இடத்தில் ஜானட் தோளைக் குறுக்கி உட்கார்ந்தாள்.

"டிடிஆர் வந்தா நான் பேசிக்கிறேன்," என்றாள் அம்மா. "நீ வாயத் தொறக்காத."