கொப்பியில் ஏறாத புத்தகம்

கணவன் வாங்கி அடுக்கிவிட்டுப் படிக்காமலே செத்துப்போன புத்தகங்களை இராஜகுமாரி டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்து, முடித்த தேதியைக் கொப்பியொன்றில் குறித்துவந்தாள்.

போர் நடந்துகொண்டிருந்த 2008இல், கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சோதிக்க வந்த பொலிஸ்காரர், அவள் வீட்டிலிருந்த தடித்த தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தூக்கி, இதில் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். அது கொப்பியில் ஏறாத புத்தகம். இன்னும் படிக்கவில்லை என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். வீட்டிலிருக்கும் புத்தகம் தெரியாதா என்றவர், காலையில் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லும்படி உத்தரவிட்டுப் போனார்.

"வாங்குனவரு நிம்மதியா போய்ட்டாரு. நீங்கல்ல மாட்டிக்கிட்டீங்க டீச்சர்" என்றாள் அடுத்த வீட்டு மூக்காயி.

இராஜகுமாரி கதவைச் சாத்திவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். நான்காம் பக்கத்துக்கு வந்தபோது முதல் மூன்றில் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. திரும்பவும் முதல் பக்கத்தைப் புரட்டினாள்.